நாவலூர்ல கடல் இல்ல

எங்க பழைய கம்பெனி பைலட்டுங்க வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரே ரகள. ரிசர்வ்ல உக்காந்துகினு இருக்கற பைலட்டு எந்த எடத்துல இருக்கான்னு இனிமே அவன் போனே கம்பெனிக்குக் காட்டிக் குடுத்துடுமாம். புதுசா ஒரு ஆப் போடச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. பசங்களுக்கு ஆத்திரம். "நாங்க இன்னா ஜாமீன்ல வந்தவனுங்களா?"ன்னு ஒருத்தன். "பாத்ரூம் போனா அதுவும் தெரியுமா?"ன்னு இன்னொருத்தன். கடைசியில எல்லாரும் சேந்து என் பக்கம் திரும்பினாங்க. "சாம் சார், நீங்க எத்தினியோ வருஷம் ரிசர்வ் பாத்தவரு. நீங்களே சொல்லுங்க, இது அநியாயம் தானே?"

நான் ரிட்டயர் ஆனவன். மாலை போட்டு, கேக்கு வெட்டி அனுப்பின ரிட்டயர் இல்ல. அம்பத்தி மூணு வயசுல மெடிக்கல் போர்டு டாக்டருங்க என் சுகர் ரிப்போர்ட்ட பாத்துட்டு, "நீங்க இனிமே பின்னாடி சீட்டுல உக்காந்து போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து என் கருத்து ரொம்ப சுலபமா கெடைக்கும். கேக்காமலும் கெடைக்கும். இந்த தபா கேட்டதால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். ஆப் நியாயமா அநியாயமான்னு கேட்டா, எனக்கு பதிலா சொல்லத் தெரிஞ்சது ரெண்டு கிலோ சங்கரா மீனோட கதை தான்.

எனக்கு ஊரு அச்சரப்பாக்கம் பக்கம். எங்க குடும்பத்துல எனக்கு முன்னாடி ரொம்ப ஒசரத்துக்குப் போனவரு எங்க பெரியப்பா. தென்ன மரம் ஏறுவாரு. எங்க தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் நெலத்துல கூலி வேல, எங்கப்பா வாத்தியாரு, நான் பைலட்டு. ட்ரெயினிங் பத்தி ஒரே வரி தான். மூணு வருஷம் திட்டு வாங்கினேன், திட்டி முடிச்சதும் லைசென்ஸ் குடுத்தாங்க.

நான் ஓட்டினது பெரிய ஜெட்டெல்லாம் இல்ல. ரெண்டு பக்கமும் காத்தாடி வெச்ச எழுபது சீட்டு விமானம். சின்னச் சின்ன ஊருக்குப் போவும், எறக்கும், ஏத்தும், திரும்பும். எங்க மாமியாரு மொத தபா அத பாத்துட்டு, "இன்னா மாப்ள, இது ஷேர் ஆட்டோவா?"ன்னாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் கெடைக்கல.

ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாண்டு மாதிரி எங்களுக்கு பேஸ். எந்த ஊரு ஏர்போர்ட்ல ட்யூட்டி ஆரம்பிச்சு எந்த ஊர்ல முடியுதோ அது உன் பேஸ். நான் சென்னை கேட்டேன். கம்பெனி வடக்க ஒரு ஊர குடுத்துச்சு. அங்க குளிர் காலத்துல என் மீசையே எனக்குத் தொணை. என் பொண்டாட்டி அமலாவுக்கு மாமல்லபுரத்துக்குத் தெக்கால அணு ஆராய்ச்சி ஆபீஸ்ல வேல, அங்கியே குவார்ட்டர்ஸ். அவ அணுவ பாத்துகினு இருந்தா, நான் மேகத்த பாத்துகினு இருந்தேன். ஒருத்தர ஒருத்தர் பாக்கறது மட்டும் நாலு வருஷமா நடக்கல.

நாலாவது வருஷ முடிவுல சென்னை பேஸ் கெடச்சுது. கூடவே ஒரு கண்டிஷனும். மாசத்துல பாதி நாளு ரிசர்வ். ரிசர்வுன்னா, எவனாவது பைலட்டுக்கு ஜொரம், எவனாவது பைலட்டு மழையில மாட்டிகினான்னா, அவனுக்குப் பதிலா போறதுக்கு ஒருத்தன் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிட்டு வூட்ல உக்காந்திருக்கணும். போன் வந்த தொண்ணூறு நிமிஷத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். அதனால விலாசம் ஏர்போர்ட்டுக்குக் கிட்டக்க இருக்கணும். எங்க குவார்ட்டர்ஸ்லேர்ந்து ட்ராஃபிக்கே இல்லாத நாள்லயே தொண்ணூறு நிமிஷம் பத்தாது. ட்ராஃபிக் இல்லாத நாளு எந்த நாளுன்னு எனக்குத் தெரியல.

அமலாவோட தம்பி ஜஸ்டின் நாவலூர்ல ஐ.டி. கம்பெனியில வேல செய்யறான், பதினோராவது மாடியில ஃப்ளாட்டு. அந்த விலாசத்த என் விலாசம்னு கம்பெனியில எழுதிக் குடுத்தேன். ரிசர்வ் நாள்ல காலையிலியே அங்க போயி உக்காந்துகினா அது பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. கம்பெனி கார் அங்க வந்து என்ன ஏத்திகினு போவும்.

ரிசர்வ்ல உக்காந்திருக்கறது ஒரு தனி வேல. படத்துக்குப் போவ முடியாது. நல்லா சாப்பிட்டா தூக்கம் வரும், சாப்பிடக் கூடாது. குடிக்கறத பத்தி நெனைக்கவும் கூடாது, ஏர்போர்ட்ல ஊதச் சொல்லுவாங்க. குளிக்கும்போது போன் சோப்பு டப்பா பக்கத்துல இருக்கும். ஜஸ்டின் லேப்டாப்புல "யெஸ், யெஸ், ஷ்யூர்"னு கத்திகினு இருப்பான். நான் லுங்கியக் கட்டிகினு பால்கனியில நின்னு, கூப்பிடாத போன பாத்துகினு இருப்பேன். என்ன கூப்பிட்டா பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி தான் கூப்பிடுவாங்க, அப்போ கேட்ல வேற வாட்ச்மேன். பகல் வாட்ச்மேன் பாத்ததெல்லாம் லுங்கியில இருக்கற என்ன மட்டும் தான். ஒரு நாளு கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க மச்சான் சிறுசேரியில செக்யூரிட்டி சூப்பர்வைசரு. ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

நான் யோசிச்சு சொல்றேன்னேன்.

இந்த நேரத்துல எனக்கு கமாண்டு வர்ற கட்டம். கமாண்டுன்னா வலது சீட்லேர்ந்து எடது சீட்டுக்கு மாறறது, கோ-பைலட்டா இருக்கறவன் கேப்டன் ஆவறது. அதுக்கு பேஸ் கேப்டன் கையெழுத்து வேணும். எங்க பேஸ் கேப்டன் சற்குணம். அவரப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும்.

நான் பாத்த கேப்டனுங்கள்ல பாதி பேரு திட்டறவங்க, மீதி பேரு திட்டாம முகத்த திருப்பிக்கறவங்க. சற்குணம் சார் ரெண்டும் இல்ல. நீ தப்பா ஒண்ணு செஞ்சா, உன்ன திரும்பி பாத்து, நெஜமாவே தெரிஞ்சுக்கற ஆசையில கேப்பாரு: "நல்லா தான் பண்ணே. ஆனா ஏன் பண்ணே?" அதுக்கு பதில் சொல்றதுக்குப் பதிலா நாலு அறை வாங்கிக்கலாம்னு இருக்கும். செக்லிஸ்ட் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் கீழ வெரல வெச்சு, ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி படிப்பாரு. படிச்சு முடிக்கறதுக்குள்ள எவனாவது குறுக்க பேசினா, மறுபடி மொதல் வரியிலேர்ந்து.

அவருக்கு ஒரு சடங்கு உண்டு. எங்க வேலையில ஒருத்தர் ஓட்டுவாரு, பக்கத்துல இருக்கறவரு பாத்துகினு இருப்பாரு. எறங்கும்போது ஆயிரம் அடிக்கு வந்ததும் நாலு விஷயம் சரியா இருக்கணும். சக்கரம் எறங்கி இருக்கணும், ரெக்க மடிப்பு வெளிய வந்திருக்கணும், வேகம் கட்டுல இருக்கணும், கீழ எறங்கற வேகமும் கட்டுல இருக்கணும். ஒண்ணு சரியில்லன்னாலும் பாத்துகினு இருக்கறவன் "கோ அரவுண்ட்"னு சொல்லணும். ஓட்டறவரு ஏன்னு கேக்காம மறுபடி மேல ஏத்திடணும், சுத்தி வரணும். இது எல்லா கம்பெனியிலயும் இருக்கற சட்டம். சற்குணம் சார் மட்டும் ஒவ்வொரு தபாவும் கெளம்பறதுக்கு முன்னாடி ஒத்திகை பாப்பாரு.

"நான் தப்பா வந்தா இன்னா சொல்லுவே?"

"கோ அரவுண்ட், சார்."

"சார் வேணாம்."

"கோ அரவுண்ட்."

"ஆங். சார் சொல்றதுக்கு அங்க நேரமில்ல."

நாங்க பின்னாடி போயி அவர மாதிரியே பேசிக் காட்டி சிரிப்போம். நான் தான் அதுல பெரிய கலைஞன்.

இப்போ மீனு. ரிசர்வ்ல பதினோரு மாசம் ஓடிப் போச்சு. மதியத்துக்கு மேல ஒரு தபா கூட என்ன கூப்பிடல. பைலட்டுங்க செய்யக் கூடாத தப்பு ஒண்ணு உண்டு. நேத்து வரைக்கும் நடக்காதது இன்னிக்கும் நடக்காதுன்னு நெனைக்கறது. அத நாங்க வகுப்புல ஒருத்தனுக்கு ஒருத்தன் பாடமே எடுப்போம். நான் அந்த வகுப்புல மொத பெஞ்சு. அன்னிக்கு மதியம் பன்னெண்டரைக்கு ஜஸ்டின் ஃப்ளாட்லேர்ந்து கெளம்பி, வூட்டுக்குப் போற வழியில, மாமல்லபுரத்துக்கு இந்தாண்ட ரோட்டோரமா மீன் விக்கற அக்கா கிட்ட நின்னேன். ரிசர்வ் நாலு மணி வரைக்கும்.

"சங்கரா ரெண்டு கிலோ. செதிலு நல்லா எடுத்துக் குடு, அக்கா."

அக்கா கத்திய எடுத்து சரக் சரக்குன்னு தேய்க்குது. ஒண்ணு நழுவி விழுந்துச்சு, நான் புடிச்சேன். போன் அடிச்சுது. க்ரூ கன்ட்ரோல். எவனெவன எங்க அனுப்பணும்னு பாக்கற ஆபீசு.

"சாம் சார், ஒரு கோ-பைலட்டுக்கு ஒடம்பு சரியில்ல. மூணு பத்துக்கு ரிப்போர்ட். சற்குணம் சார் ஃப்ளைட்டு. ரெடியா?"

"ரெடி"ன்னேன்.

"இன்னா சார் ரெடி, இன்னும் வாலே வெட்டல"ன்னுச்சு அக்கா.

"சார், அங்க இன்னா சத்தம்?"

"டிவி."

அக்கா மூஞ்சிய இன்னிக்கும் மறக்க முடியாது. அத டிவின்னு அதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல போல.

யூனிஃபார்ம் கார்லயே இருந்துச்சு, அவ்ளோ தூரம் நான் உஷாரு. கோவளம் கிட்ட பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவுல மாட்டிகினப்போ சட்டைய மாத்தினேன். பஸ் ஜன்னல்ல ஒரு அம்மா, தோள்பட்டையில தங்கப் பட்டி ஏறுறத பாத்துட்டு பக்கத்துல இருந்தவங்கள எழுப்பி காட்டினாங்க. ஜஸ்டினுக்கு போன் போட்டேன். "மச்சான், கம்பெனி கார் வந்தா நிறுத்தி வை."

"மாமா, எனக்கு க்ளையன்ட் கால் கீது."

"எனக்கு கமாண்டு கீது."

கார் ட்ரைவரு ஏழுமல நாவலூருக்கு வந்து ஜஸ்டின புடிச்சிருக்காரு. ஜஸ்டின் சொன்னது: "மாமா குளிக்கறாரு." பத்து நிமிஷம் கழிச்சும் "குளிக்கறாரு." இருவது நிமிஷம் கழிச்சு ஏழுமல கேட்டிருக்காரு: "இன்னா தம்பி, அவரு ஆனைய வெச்சு குளிப்பாட்டறாரா?" அப்போ நான் கேட் வழியா வெளிய இருந்து உள்ள ஓடி வரேன். மூணு பேரும் என்ன பாத்தாங்க. ஏழுமல கார் கதவத் தொறந்து விட்டாரு. பகல் வாட்ச்மேன் யூனிஃபார்ம பாத்துட்டு சல்யூட் அடிச்சாரு. "சார்! நீங்களே செக்யூரிட்டி சூப்பர்வைசரு ஆயிட்டீங்களா?"

ஏர்போர்ட்டுக்குப் போவும்போது இருவது நிமிஷம் லேட்டு. ட்ராஃபிக்குன்னேன். சென்னையில இந்தக் காரணத்துக்கு எவனும் ஆதாரம் கேக்கறதில்ல. ஊதினேன். நல்லா ஓய்வெடுத்தேன், தயாரா இருக்கேன்னு கையெழுத்து போட்டேன். சற்குணம் சார் சீட்ல உக்காந்து செக்லிஸ்ட்ல வெரல வெச்சிட்டு மூக்க சுளிச்சாரு.

"சாமு."

"சார்."

"நாவலூர்ல கடல் எப்போ வந்துச்சு?"

ட்ரைவர் கிட்ட தண்ணி வாங்கி ரெண்டு தபா கைய கழுவினேன். மீனுக்கு அது தெரியல. நான் வாயத் தொறந்தேன், ட்ராஃபிக்குன்னு மறுபடி சொல்ல. அவரு கைய காட்டி நிறுத்தினாரு. "வேணாம். நானும் ரிசர்வ் பாத்தவன் தான். உன் வூட்டம்மா எங்க வேல செய்யறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல, நீயும் மனசுல வெச்சுக்காத. உன் கமாண்டு பேப்பர்ல காலையிலியே கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன்." அப்புறம் மொதல் வரியிலேர்ந்து படிக்க ஆரம்பிச்சாரு. ஒத்திகையும் நடந்துச்சு. இன்னா சொல்லுவே. கோ அரவுண்ட். சார் வேணாம்.

திட்டியிருந்தா நான் நல்லா வேல செஞ்சிருப்பேன். திட்டு வாங்கிப் பழகினவன் நான். அவரு மன்னிச்சிட்டாரு, அதுக்கு எனக்கு ட்ரெயினிங் கெடையாது.

தெக்க ஒரு சின்ன ஊரு. ஓடுபாத குட்டை, மழை. அங்க போயி திரும்பி வரணும். என் இருவது நிமிஷ லேட்டால சற்குணம் சாரோட ட்யூட்டி நேரம் இறுகிப் போச்சு. கொஞ்சம் தாண்டினாலும் திரும்பி வர்ற ஃப்ளைட்ட ஓட்ட அவருக்குச் சட்டம் இடம் குடுக்காது, எழுபது பேரு அந்த ஊர்லயே நிக்க வேண்டியது தான். கன்ட்ரோல் டவர்காரரு கேட்டாரு, "நேரா வந்து எறங்கறீங்களா, சுத்தி வர்றீங்களா?" நேரா வந்தா பத்து நிமிஷம் மிச்சம், ஆனா காத்து பின்னாலேர்ந்து தள்ளும். சற்குணம் சார் கடிகாரத்த பாத்தாரு. அவரு கடிகாரத்த பாத்து முடிவெடுத்து நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. "நேரா"ன்னாரு.

ஆயிரம் அடி. சக்கரம் சரி. ரெக்க மடிப்பு சரி. வேகம் பதினெட்டு நாட் ஜாஸ்தி. நாட்டுன்றது எங்க வேகக் கணக்கு, பத்து வரைக்கும் தான் விடலாம்.

நான் சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்த. பதினோரு மாசமா ஒத்திகை பாத்தது. வாயில வந்தது இது தான்: "சார்... ஸ்பீடு..."

"ம். கொறையுது"ன்னாரு.

கொறஞ்சுது தான். ஐநூறு அடியில பன்னெண்டு நாட் ஜாஸ்தி. அங்க எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்துச்சு. நான் அவர பாத்தேன். இவரு அவசரப்படறதே என்னால. மீனு வாசன இன்னும் என் கையில. இந்த ஆளு காலையில எனக்காக கையெழுத்து போட்டவரு, மதியம் என்ன காப்பாத்தினவரு, இவர பாத்து நான் "தப்பு, மேல ஏத்து"ன்னு எப்படி சொல்றது? இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துல. ஒண்ணும் சொல்லல.

விமானம் எறங்க மாட்டேன்னு ஓடுபாதைக்கு மேல மெதந்துகினே போச்சு. பாதி தாண்டி தான் சக்கரம் தொட்டுச்சு. அவரு பிரேக்க மிதிச்சாரு, காத்தாடிய திருப்பி விட்டாரு, ஜன்னல் ஃபுல்லா தண்ணி. ஒண்ணும் தெரியல. நின்னப்போ தண்ணி வடிஞ்சுது. ஓடுபாத முடியற எடத்துல செவப்பு வெளக்கு வரிசையா இருக்கும், அது எங்க மூக்குக்குக் கீழ எரிஞ்சுகினு இருந்துச்சு. அதுக்கு அந்தாண்ட சேறு, அதுக்கு அந்தாண்ட ஒரு கால்வா.

பின்னாடி கேபின்ல கை தட்டினாங்க.

சற்குணம் சார் கைய மடியில வெச்சிகினாரு. என்ன திரும்பி பாத்து, திட்டாம, எப்பவும் கேக்கற மாதிரியே கேட்டாரு: "நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். ஸ்பீடுன்னு..."

"அது செய்தி. செய்தி எனக்கும் மீட்டர்ல தெரியுது."

அன்னிக்கு திரும்பற ஃப்ளைட்ட அவரு ஓட்டல. ட்யூட்டி நேரத்துல இன்னும் மிச்சம் இருந்துச்சு. இருந்தும், "நான் இன்னிக்கு ஓட்டற நெலமையில இல்ல"ன்னு போன்ல சொல்லிட்டாரு. எழுபது பேரும் அந்த ஊர்லயே நின்னாங்க, எங்கள திட்டிகினு. பத்து நிமிஷம் மிச்சம் புடிச்சது இதுக்குத் தான்.

மறுநாளு சென்னை ஆபீசு. அவரு தன் ரிப்போர்ட்ட முந்தின நாளே எழுதி அனுப்பிட்டாரு, எல்லாம் தன் தப்புன்னு. வராண்டாவுல என்ன பாத்து, "மீனப் பத்தி எழுதல. அது என் வேல இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இப்போ என் ரிப்போர்ட்டு. அதுல ஒரு கேள்வி: பக்கத்துல இருந்த பைலட் கோ அரவுண்ட் சொன்னாரா? சொல்லலன்னா காரணம்?

ஜஸ்டின் கிட்ட கேட்டேன். அவன் சிரிச்சான். "மாமா, இது தினம் எங்க வேல. 'கம்யூனிகேஷன் கேப்'னு எழுது. எங்க கம்பெனியில பத்து வருஷமா எல்லா தப்புக்கும் அது தான் காரணம். ஒருத்தனுக்கும் வேல போனதில்ல."

எழுதியிருக்கலாம். எழுதினா கமாண்டு பேப்பர் அப்டியே நகரும், சென்னை பேஸ் அப்டியே இருக்கும். நெஜத்த எழுதினா விலாசம் வெளிய வரும், ரெண்டும் போவும். வூட்டுக்கு வந்து அமலா கிட்ட சொன்னேன். அவ ஆபீஸ்ல அவளுக்கு வேலையே இந்த மாதிரி ரிப்போர்ட்ட படிக்கறது.

"இத எழுதினா மறுபடி வடக்க அனுப்புவான், அமலா."

"அனுப்புவான்."

"நாலு வருஷம் கழிச்சு இப்ப தான்..."

"இந்தாப்பா, எனக்கு கணக்குத் தெரியும்"னா. சோத்த பெசஞ்சுகினே இருந்தா, சாப்பிடல. "எங்க ஆபீஸ்லயும் எழுதுவானுங்க, கம்யூனிகேஷன் கேப்பு. அத படிச்சிட்டு நான் அடுத்தவன எதுக்கு உஷாரா இருன்னு சொல்றது? எதுக்குன்னே தெரியாதே. நடந்தத எழுது. மீதிய அப்புறம் அழுதுக்கலாம்."

எழுதினேன். "சொல்லல. என் விலாசம் பொய்யி. அது கேப்டனுக்கு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. அவரு பெருந்தன்மையா விட்டுட்டாரு. அதனால எனக்கு வாய் வரல." இவ்ளோ தான்.

பாதுகாப்புப் பிரிவுல ஒரு மேடம், முப்பது வயசு இருக்கும், அத கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ரெண்டு தபா படிச்சாங்க. "சார், காரணத்துக்கு இங்க ஒரு பட்டியல் இருக்கு. அதுலேர்ந்து தான் எடுக்கணும். 'வேலைப்பளு' இருக்கு, 'கவனக்குறைவு' இருக்கு, 'கேப்டனிடம் பயம்' இருக்கு. 'அவரு நல்லவரு'ன்னு ஒண்ணு இல்ல."

"பயம்னு போட்டுடாதீங்க, மேடம். அவரு மேல எனக்கு பயமே இல்ல. அதான் பிரச்சன."

அவங்க சிரிக்கல. பட்டியல கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்துட்டு 'மற்றவை'ன்னு அழுத்தினாங்க. அப்புறம் என் அஞ்சு வரியையும் ஒரு எழுத்து மாத்தாம கீழ அடிச்சாங்க.

பத்து நாள்ல ஒரு மெயில் வந்துச்சு. மொத பாரா என் நேர்மைய பாராட்டுது. ரெண்டாவது பாரா கமாண்ட ஒத்தி வெக்குது. மூணாவது பாரா, "நிர்வாகத் தேவைகளை முன்னிட்டு" என்ன மறுபடி வடக்க மாத்துது. ஒரே மெயில்ல சால்வையும் போத்தி வண்டியும் ஏத்தி விட்டாங்க. சற்குணம் சாருக்கு ஆறு மாசம் மத்தவங்களுக்கு டெஸ்ட் வெக்கற வேலைய எடுத்துட்டாங்க. அவரு அந்த ஆறு மாசமும் எங்க பைலட்டுங்க ஒவ்வொருத்தன் கிட்டயும் தானே போயி அந்த லேண்டிங்க படம் போட்டு சொன்னாராம், எந்த எடத்துல கடிகாரத்த பாத்தாருன்றது வரைக்கும். நான் அப்போ அங்க இல்ல, கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். வடக்கேர்ந்து சென்னைக்கு ஒரு ஃப்ளைட்டு, நான் இன்னும் வலது சீட்டு. கேப்டன் என்ன விட எட்டு வயசு சின்னவரு, நல்ல கையி, முன்கோபம். மீனம்பாக்கத்துல எறங்கறோம். வெயிலு, மழ இல்ல, நீளமான ஓடுபாத, எவ்ளோ வேகத்துல வந்தாலும் நின்னுடும். ஆயிரம் அடி. வேகம் பதிமூணு நாட் ஜாஸ்தி, கட்டுக்கு மூணு நாட் மேல.

"கோ அரவுண்ட்."

அவரு திரும்பி என்ன பாத்த பார்வைய எழுத முடியாது. ஆனா கை தானா லீவர தள்ளிடுச்சு. மேல ஏறி கெழக்கால கடலுக்குப் போயி வளைஞ்சோம். வலது பக்கம் கோவளம் தெரிஞ்சுது, அதுக்கும் தெக்கால கரை நீட்டா போயிகினே இருந்துச்சு. அந்தக் கோடியில எங்க குவார்ட்டர்ஸ். சென்னையில நிக்கறது அரை மணி, அதுக்கப்புறம் மறுபடி வடக்க. சுத்தினதுல அந்த அரை மணியிலயும் பதினேழு நிமிஷம் போச்சு.

எறங்கினதும் நான் கீழ போயி சக்கரத்தயும் காத்தாடியயும் சுத்திப் பாக்கணும், அது கோ-பைலட் வேல. பச்ச ஜாக்கெட்டு போட்டுகினு குனிஞ்சு டயர பாத்துகினு இருக்கேன். பின்பக்கப் படியில எறங்கி பஸ்ஸுக்கு நின்ன ஒரு பெரியவரு, வேட்டி, கையில ரெண்டு ஸ்வீட் பாக்ஸு, என் தோள்பட்ட பட்டிய பாத்துட்டு நேரா வந்தாரு. பேச்சுலயே தெரிஞ்சுது, எங்க பக்கத்து ஆளு.

"நீ தான் ஓட்டினியா?"

"ரெண்டு பேரும் தாங்க."

"இன்னாய்யா ஓட்டறீங்க? எறக்கற மாதிரி எறக்கி மறுபடி தூக்கிகினு போறீங்க, எங்க வூட்டம்மா உயிர கையில புடிச்சிகினு கீது. எறங்கறதுக்கே ரெண்டு தபா வேணுமா? ஒழுங்கா கத்துகினு வரக் கூடாதா?"

"கத்துகினு தாங்க வரேன்"னேன்.